கடல் பார்த்த வீடும் கைக்கு எட்டாத தூரமும்

சனி, ஞாயிறு வந்தால் சிங்கப்பூரின் ஏதாவது ஒரு ஹோட்டல் கூடத்தில் வெளிநாட்டு வீட்டுக் கண்காட்சி நடக்கும். சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று படுக்கையறை, ஜோகூரில் நீரிணையைப் பார்த்த கொண்டோ, புக்கெட்டில் வில்லா. விலையைச் சிங்கப்பூர் வெள்ளிக்கு மாற்றிப் பார்த்தால் பலவற்றுக்கு இங்கே ஒரு நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் விலைகூட வராது. சிங்கப்பூரர் இங்கேயே இரண்டாவது வீடு வாங்கினால் 20 விழுக்காடு கூடுதல் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், நிரந்தரவாசி என்றால் 30 விழுக்காடு. வெளிநாட்டு வீடு அந்தக் கணக்கில் சேராது என்று முகவர் சொல்வார். அவர் சொல்வது சரிதான்.

அவர் சொல்லாமல் விடுவது வேறொன்று. கடலோர வீடு அன்றாடம் ஆள் பார்க்க வேண்டிய வீடு. வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளரால் கொடுக்க முடியாதது அந்த ஒன்றுதான். உப்புக் காற்று, நகரும் கரை, நிலத்தடி நீர், பத்திரம், நாணய மதிப்பு எல்லாவற்றிலும் இந்தத் தொலைவுதான் செலவாக மாறுகிறது. வாங்குவதா வேண்டாமா என்ற கணக்கை இங்கிருந்து தொடங்குவதே முறை.

முதலில் சிங்கப்பூர்ப் பக்கம்

வீவக வீட்டின் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடியும்வரை தனியார் வீடு வாங்கக்கூடாது என்ற விதி வெளிநாட்டு வீட்டுக்கும் பொருந்தும். பலர் இதை உள்நாட்டுக்கு மட்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வழக்கமாக ஐந்தாண்டு, நல்ல இடங்களில் கடுமையான விதிகளோடு விற்கப்படும் பிளஸ், பிரைம் வகை வீவக வீடுகளுக்குப் பத்தாண்டு. முன்பணம் கட்டிவிட்டு இதைக் கண்டுபிடிப்பவர்களுக்கு முன்பணம் திரும்புவதில்லை.

தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி நடக்கும் இன்னொரு சிக்கல், பிள்ளையின் பெயரைச் சேர்ப்பது. 'பின்னால அவனுக்குத்தானே' என்று அப்பா தன் பெயரோடு மகன் பெயரையும் சென்னை வீட்டுப் பத்திரத்தில் போட்டுவிடுவார். மகன் திருமணத்துக்கு முன் பிடிஓ வீட்டுக்கு (கட்டும் முன்பே விண்ணப்பித்து வாங்கும் புதிய வீவக வீடு) விண்ணப்பிக்கும்போது, வெளிநாட்டிலும் உள்நாட்டிலும் தனியார் வீடு இருக்கக்கூடாது, கடந்த 30 மாதங்களில் விற்றிருக்கவும் கூடாது என்ற விதி குறுக்கே வரும். பரிசாக வந்ததா, உயில் வழியாக வந்ததா என்பதெல்லாம் விதிவிலக்கு ஆகாது. மகனுக்குச் சேர வேண்டும் என்றால் உயில் எழுதி வைக்கலாம், அது அப்பாவின் காலத்துக்குப் பிறகுதான் நடப்புக்கு வரும். பத்திரத்தில் இப்போதே பெயர் வேண்டாம்.

பணம் எங்கிருந்து வரும் என்பதும் இங்கேதான் தீர்மானமாகும். மத்திய சேம நிதியை வெளிநாட்டு வீட்டுக்குப் பயன்படுத்த முடியாது. இங்குள்ள வங்கியில் கடன் வாங்கினால், வெளிநாட்டு வீடாக இருந்தாலும், எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் 55 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற வரம்புக்குள் அது அடங்க வேண்டும். கடன் வெள்ளியில், வீடு ரிங்கிட்டிலோ பாட்டிலோ இருந்தால் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருக்கும்: அந்நிய நாணயம் சரிந்து வீட்டின் வெள்ளி மதிப்பு குறைந்தால், வித்தியாசத்தைக் கட்டச் சொல்லி வங்கி கேட்கலாம். அந்தப் பக்கத்தை வரிவரியாகப் படியுங்கள்.

ஓய்வுக்குப் பிறகு வீவக வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஜோகூர்க் கடலோரத்தில் இருந்துகொள்ளலாம் என்பது பலரின் திட்டம். முழு வீட்டையும் வாடகைக்கு விட உரிமையாளர் சிங்கப்பூர்க் குடிமகனாக இருக்க வேண்டும். நிரந்தரவாசிகளுக்கு அனுமதி இல்லை. பிளஸ், பிரைம் வீடுகளை எந்தக் காலத்திலும் முழுதாக வாடகைக்கு விட முடியாது. திட்டத்தின் வருமானமே அந்த வாடகைதான் என்றால், இதை முதலில் சரிபார்க்க வேண்டும்.

கையில் கிடைப்பது என்ன உரிமை?

ஒவ்வொரு நாட்டிலும் 'வீடு வாங்கினேன்' என்பதற்குப் பொருள் வேறு.

இந்தியாவில் தொடங்குவோம். இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் வெளிநாடுவாழ் இந்தியரும் ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா தரும் அட்டை) வைத்திருப்பவரும் குடியிருப்பு வீடு, வணிக இடம் வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. இங்கேயே பிறந்து வளர்ந்த சிங்கப்பூர்த் தமிழர், தாத்தா ஊர் தஞ்சாவூராகவே இருந்தாலும், கையில் ஓசிஐ அட்டை இல்லாமல் இந்தியாவுக்கு வெளியே இருந்துகொண்டு இந்த வழியில் வாங்க இயலாது. கடற்கரைச் சாலையில் 'பண்ணை வீட்டு மனை' என்று விற்கப்படும் இடங்களில் இது நேரடியாக உரைக்கும். பத்திரத்தில் நிலம் நஞ்சை அல்லது புஞ்சை என்று இருந்தால், மனையாக வகை மாற்றப்பட்டு அங்கீகாரம் பெற்றதற்கான ஆணையைக் கேளுங்கள். அது இல்லாவிட்டால் வாங்கும் தகுதியே உங்களுக்கு இல்லை. விற்பவர் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்வதால் தகுதி வந்துவிடாது. பணத்தை வங்கி வழியாக, வெளிநாட்டிலிருந்து அனுப்பியோ, என்ஆர்இ, என்ஆர்ஓ போன்ற வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கிலிருந்தோ மட்டும் கொடுக்க வேண்டும். ஒரு பகுதியை ரொக்கமாகக் கொடுத்தால் பிற்காலத்தில் விற்று அந்தப் பணத்தை இங்கே கொண்டுவரும் உரிமை அந்த அளவுக்குப் போய்விடும்.

மலேசியாவில் வெளிநாட்டவர் நிரந்தர உரிமையோடே வாங்க முடியும். ஆனால் மாநில அரசின் ஒப்புதல் தேவை. குறைந்தபட்ச விலை வரம்பும் உண்டு. ஜோகூரில் அடுக்குமாடி வீட்டுக்குப் பொதுவாக 10 லட்சம் ரிங்கிட். அதற்குக் கீழே விளம்பரத்தில் பார்க்கும் அழகான வீடுகள் உங்களுக்கானவை அல்ல. 2024ல் வெளிநாட்டவருக்கு முத்திரைத் தீர்வை 4 விழுக்காடு என்று ஒரே விகிதமாக்கப்பட்டது. 2026 ஜனவரி முதல் குடியிருப்பு வீடுகளுக்கு அது 8 விழுக்காடு. 10 லட்சம் ரிங்கிட் வீட்டுக்கு 80,000 ரிங்கிட், மாநிலம் வசூலிக்கும் கட்டணம் தனி. விற்கும்போது முதல் ஐந்தாண்டுக்குள் என்றால் இலாபத்தில் 30 விழுக்காடு வரி, ஆறாம் ஆண்டிலிருந்து 10 விழுக்காடு.

ஒன்று மட்டும் மலேசியாவில் நல்லது. உரிமம் பெற்ற வீடமைப்புத் திட்டத்தில் சட்டம் வகுத்த மாதிரி ஒப்பந்தமே பயன்படுத்தப்படும். அடுக்குமாடி என்றால் 36 மாதத்தில் சாவி, தாமதத்துக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடு இழப்பீடு, சாவி வாங்கிய பின் 24 மாதத்துக்குக் கட்டடக் குறைகளுக்குக் கட்டுநரே பொறுப்பு. இந்த 24 மாதத்தில் மழைக்காலத்தில் ஒருமுறையாவது போய், சன்னல் ஓரம், குளியலறைத் தளம், மேல்தளக் கசிவு எல்லாவற்றையும் பார்த்து எழுத்தில் புகார் கொடுங்கள். கைப்பேசியில் சொன்னது கணக்கில் வராது. ஆண்டுக்கு ஒருமுறை தீபாவளி விடுமுறைக்கு மட்டும் எட்டிப் பார்ப்பவர்கள் இந்தக் காலக்கெடுவைத் தவறவிடுவதுதான் அதிகம்.

வீடு வாங்கினால் குடியிருப்பு அனுமதி கிடைத்துவிடும் என்பதும் தவறு. துவாஸ் இரண்டாம் இணைப்புக்கு அருகே, கடலைத் தூர்த்து உருவாக்கிய ஃபாரஸ்ட் சிட்டி ஏழு லட்சம் பேருக்கான நகரமாகத் திட்டமிடப்பட்டது. அங்கே வாங்கும் வெளிநாட்டவருக்குத் தங்கும் விசா தானாகக் கிடைக்காது என்று 2018ல் அன்றைய மலேசியப் பிரதமர் மகாதீர் வெளிப்படையாகச் சொன்னார். அதன் தாய் நிறுவனமான கன்ட்ரி கார்டன் 2023ல் வெளிநாட்டுக் கடன் பத்திரங்களைத் திருப்பிச் செலுத்தத் தவறியது. மலேசிய அரசு அங்கே சிறப்பு நிதி மண்டலத்தை அறிவித்தது. அது நகரத்துக்கு உயிர் கொடுக்கலாம், உங்கள் கொள்முதல் விலையைத் திருப்பிக் கொடுக்கும் என்று பொருள் இல்லை.

பாத்தாம், பிந்தான், பாலி பக்கம் போனால் வெளிநாட்டவருக்கு நிலத்தில் முழு உரிமையே கிடையாது. இந்தோனேசியாவின் 1960ஆம் ஆண்டு நிலச் சட்டம் அதைக் குடிமக்களுக்கு மட்டும் வைத்திருக்கிறது. வெளிநாட்டவர் பெறக்கூடியது பயன்பாட்டு உரிமை: 30 ஆண்டு, பிறகு 20, பிறகு 30 என நீட்டிப்பு. இதைச் சுற்றிப் போக உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கி, தனியாக ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும் வழியைச் சிலர் சொல்வார்கள். அதே சட்டம் அந்த ஏற்பாட்டைச் செல்லாது என்கிறது. நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைக் கேட்கவும் முடியாது. இதைவிடத் தெளிவாக ஒரு சட்டம் எச்சரிக்க முடியாது, ஆனாலும் வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

தாய்லாந்திலும் நிலம் கிடையாது. கொண்டோவில் ஒரு கட்டடத்தின் மொத்த விற்பனைப் பரப்பில் 49 விழுக்காடு வரை வெளிநாட்டவர் வாங்கலாம், பணம் அந்நிய நாணயமாக உள்ளே வந்ததற்கான வங்கிச் சான்று வேண்டும். அந்தத் தாளைத் தொலைத்தால் விற்ற பணத்தை வெளியே எடுப்பதில் தலைவலி. வில்லாக்கள் பெரும்பாலும் குத்தகை. சட்டப்படி குத்தகையின் உச்சம் 30 ஆண்டு. '30+30+30' என்று எழுதித் தருவதில் முதல் 30 மட்டுமே பதிவாகும் உரிமை. மற்றவை நிலச் சொந்தக்காரரின் வாக்குறுதி. நிலம் கைமாறினால் புதியவரை அது கட்டுப்படுத்தாது.

ஆஸ்திரேலியா பற்றி ஒரு வரி போதும்: 2025 ஏப்ரல் முதல் 2027 மார்ச் வரை, வெளிநாட்டவர் பழைய வீடுகளை வாங்கத் தடை. புதிய வீட்டுக்கும் மாநிலங்கள் தனிக் கூடுதல் தீர்வை விதிக்கின்றன, குயின்ஸ்லாந்தில் 8 விழுக்காடு.

கரை அசையும்

கடற்கரை மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. அலை கரையைச் சாய்வாகத் தாக்கும்போது மணலைக் கரையோரமாகத் தள்ளிக்கொண்டே போகிறது. தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவத்தில் வடக்கு நோக்கியும் வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கியும் மணல் நகரும். ஆண்டு முழுவதுக்கும் கூட்டிக் கழித்தால் வடக்கு நோக்கியே அதிகம். இந்த ஓட்டத்துக்குக் குறுக்கே கல் கொட்டி ஒரு சுவர் கட்டினால், தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்த பிறகு அதன் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்தது. புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுகத் தடுப்புச் சுவர் முடிந்த பிறகு நகரக் கடற்கரையே காணாமல் போனது. அங்கே கல் கொட்டிக் காத்ததும் அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்து மீனவக் கிராமங்களைத் தொட்டது.

ஆகவே கடலோர வீட்டைப் பார்க்கப் போனால் முதலில் கேட்க வேண்டியது, தெற்கிலோ வடக்கிலோ சில கிலோமீட்டருக்குள் துறைமுகம், முகத்துவாரச் சுவர், தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) ஏதாவது இருக்கிறதா என்பது. இருந்தால், வீடு அதற்கு எந்தப் பக்கம்? வடக்கே என்றால் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். புதிய தூண்டில் வளைவு கேட்டு மீனவர்கள் போராடும் ஊர் என்றால், கரை ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். உள்ளூர்ச் செய்தித்தாள் இதற்கு நல்ல சான்று.

இரண்டாவது சோதனையை இங்கே உட்கார்ந்தே செய்யலாம். கூகல் எர்த்தின் பழைய செயற்கைக்கோள் படங்களைத் திறந்து, கோயில் மூலையையோ சாலைச் சந்திப்பையோ நிலையான புள்ளியாக வைத்து, அங்கிருந்து கடற்கரைச் செடிகொடிகள் முடியும் கோடுவரை அளந்து பாருங்கள். தண்ணீர் விளிம்புவரை அளக்காதீர்கள், அது ஓதத்தோடு (கடல்நீரின் ஏற்ற இறக்கத்தோடு) ஒரே நாளில் மாறும். செடிக்கோடு பத்தாண்டில் 20 மீட்டர் உள்ளே வந்திருந்தால் ஆண்டுக்கு 2 மீட்டர். வீட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் இடைவெளி 60 மீட்டர்தான் என்றால் உங்கள் கடன் தவணை முடிவதற்கும் கரை வருவதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இந்தியாவில் சட்டமும் இங்கே நுழைகிறது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். நகரமயமான பகுதியில், ஏற்கெனவே உள்ள சாலைக்கு அல்லது அனுமதி பெற்ற கட்டடத்துக்கு நிலப்பக்கம் மட்டும் கட்டலாம். கிராமப்புறப் பகுதியில் 200 மீட்டர் கட்டட வளர்ச்சிக்குத் தடை, 2019 அறிவிக்கையின்படி மக்கள் நெருக்கம் மிகுந்த இடங்களில் அது 50 மீட்டர். ஊராட்சி கொடுத்த கட்டட அனுமதி மட்டும் போதாது. கொச்சி மரடில் நான்கு அடுக்குமாடி வளாகங்கள் அப்படி ஊராட்சி அனுமதியோடு எழுந்தவைதான். மண்டல விதியை மீறியதாக உச்ச நீதிமன்றம் 2019ல் இடிக்க உத்தரவிட்டு, 2020 ஜனவரி 11, 12ல் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. வீட்டில் குடியிருந்தவர்கள் பதிவுப் பத்திரம், வரி ரசீது, மின் இணைப்பு எல்லாம் வைத்திருந்தார்கள். எனவே மூலப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம் ஆகியவற்றோடு மாநிலக் கடலோர மேலாண்மை ஆணையத்தின் தடையின்மைக் கடிதத்தையும் கேளுங்கள். அதில் உள்ள சர்வே எண்ணும் உங்கள் பத்திரத்தில் உள்ள சர்வே எண்ணும் உட்பிரிவுவரை ஒன்றாக இருக்க வேண்டும். 114/2 என்பதற்குக் கொடுத்த கடிதம் 114/3ஐக் காக்காது.

ஜோகூர் நீரிணைப் பக்கம் கரை அரிப்பு பெரிய பிரச்சினை இல்லை. அங்கே பிரச்சினை வேறு. 1924ல் திறக்கப்பட்ட கடற்பாலம் நீரிணையைக் குறுக்கே அடைத்திருப்பதால் தண்ணீர் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் ஓடுவதில்லை. தேங்கிய நீரில் பாசி பெருகி 2014, 2015ல் இந்தப் பக்கத்து மீன் பண்ணைகளில் மீன்கள் கொத்தாகச் செத்தன. ஓதம் இறங்கும்போது சேறு தெரியும், வாடை வரும். மாதிரி வீட்டைக் காட்டும் நேரத்தை ஓத அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, நீர் இறங்கும் வேளையில் இன்னொரு முறை போய் வாருங்கள். அத்தோடு, சன்னலுக்கு முன்னால் இருக்கும் கடல் உங்கள் சொத்தில் சேர்ந்ததல்ல. அதைத் தூர்த்து இன்னொரு கோபுரம் எழுப்பினால் யாரிடமும் கேட்க உரிமை இல்லை. அந்தக் கரையோரத்தில் தூர்ப்பது புதிதும் அல்ல.

உப்பு செய்யும் வேலை

காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி தானாகத் துருப்பிடிப்பதில்லை. சிமென்டின் காரத்தன்மை கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை வைத்திருக்கும். கடற்காற்றில் வரும் குளோரைடு நுண்துளைகள் வழியாக உள்ளே இறங்கி அந்தப் படலத்தை உடைக்கும். துரு, மூல இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும், காங்கிரீட்டை உள்ளிருந்து தள்ளி வெடிக்கச் செய்யும். இதைத் தாமதப்படுத்துவது இரண்டே விஷயங்கள்: காங்கிரீட்டின் அடர்த்தி, கம்பிக்கு வெளியே உள்ள காங்கிரீட்டின் கனம். மேஸ்திரிகள் கவர் என்று சொல்வது இதைத்தான். இந்தியத் தர விதி ஐஎஸ் 456 கடலோரச் சூழலுக்கு 45 மி.மீ. கவரும் குறைந்தது எம்30 என்ற வலிமைத் தரக் காங்கிரீட்டும் கேட்கிறது, நேரடியாக உப்புச்சாரல் படும் இடத்தில் 50 மி.மீ., எம்35. உள்நாட்டு வீட்டுக்குப் போடுவதுபோல 20 மி.மீ. கவர் பிளாக்கை வைத்துத் தளம் போட்டுவிட்டு மேலே விலையுயர்ந்த பெயின்ட் அடித்தால் எதுவும் காப்பாற்றாது. உவர் நீரில் கலவை போட்டிருந்தாலோ கழுவாத கடல் மணலைச் சேர்த்திருந்தாலோ குளோரைடு முதல் நாளே உள்ளே இருக்கிறது.

பழைய வீடு வாங்கும்போது பால்கனித் தளத்தின் அடிப்பக்கத்தை நிமிர்ந்து பாருங்கள். நேர்க்கோட்டில், ஒரு சாண் இடைவெளியில் இணையாக ஓடும் பழுப்புக் கோடுகள் தெரிந்தால் அவை கம்பிகளின் இடத்தைக் காட்டுகின்றன. துரு அங்கிருந்து வெளியே கசிந்துவிட்டது. ஒரு நாணயத்தால் அல்லது சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே நகர்ந்தால் நல்ல இடம் இறுகிய ஒலி தரும், பிரிந்துபோன இடம் காலிப் பானை ஒலி தரும். புதிதாகப் பூசி வெள்ளையடித்த பால்கனி மட்டும் பழைய வீட்டில் இருந்தால் அங்கேதான் அதிக நேரம் தட்ட வேண்டும். தூணிலும் விட்டத்திலும் அந்த ஒலி வந்தால் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிட்டு, துளையிட்டு எடுத்த தூளில் குளோரைடு அளவைச் சோதிக்கச் சொல்லுங்கள். அதை மறுக்கும் விற்பனையாளரிடம் பேச வேண்டியது விலை இல்லை, விடைபெறுவது.

குளிர்சாதனத்தின் வெளி யூனிட்டும் உண்மையைச் சொல்லும். செப்புக் குழாயும் அலுமினியத் தகடுகளும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம் வேகமாக அரிக்கும். கட்டைவிரலால் தகடுகளை மெல்லத் தடவினால் வெண்மையான பொடியாக உதிர்ந்தால் அந்த யூனிட்டின் ஆயுள் முடிகிறது. தேதித் தட்டில் மூன்றாண்டு முந்தைய தேதி என்றால், அந்த வீட்டில் ஆண்டுதோறும் நீங்கள் எதற்குச் செலவழிப்பீர்கள் என்று தெரிந்துவிடும். கைப்பிடி, கீல், திருகாணி எல்லாம் 316 ரக எவர்சில்வராக வேண்டும். 304 ரகத்தில் கொஞ்ச நாளிலேயே தேநீர் நிறக் கறை படியும். சன்னல் தண்டவாளங்களையும் வெளி யூனிட்டையும் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுவதுதான் மலிவான மருந்து. மழை கழுவும் முன்புறத்தைவிட, மழை படாத பால்கனி உட்கூரையில்தான் உப்பு தங்கும். இங்கே வீவக கட்டடங்களுக்கு நகர மன்றம் ஐந்து முதல் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை வண்ணம் பூசுகிறது. கடலுக்கு முன்னால் அது மூன்று நான்கு ஆண்டு வேலை.

பூட்டிய வீட்டுக்குத் தனி நோய்கள். கழிவுநீர்க் குழாயின் வளைவில் நிற்கும் தண்ணீர் சில வாரங்களில் ஆவியாகிவிடும், பிறகு சாக்கடை வாடையும் கரப்பானும் உள்ளே வரும். பூட்டுமுன் ஒவ்வொரு வடிகாலிலும் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் ஆவியாதல் மெதுவாகும். அலமாரிக் கதவுகளைத் திறந்தே வையுங்கள், மூடினால் பூஞ்சை. காப்பீட்டு ஒப்பந்தத்தில் 'ஆளில்லா வீடு' என்ற ஷரத்தைத் தேடுங்கள். குறிப்பிட்ட நாள்களுக்கு மேல் பூட்டியிருந்தால் பல ஒப்பந்தங்களில் பாதுகாப்பு சுருங்கும், மெல்ல நடக்கும் துருவுக்கு எந்த ஒப்பந்தமும் பணம் தராது. தானே, வர்தா, ஃபெஞ்சல் புயல்கள் கடலூருக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட கரையைத் தாக்கியவை. புயலும் கடல் வெள்ளமும் ஒரே ஒப்பந்தத்தில் சேர்ந்திருக்கின்றனவா என்று எழுத்தில் கேளுங்கள்.

தண்ணீர். கடலோரத்தில் நிலத்துக்கடியில் மழைநீர் உப்புநீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. நல்ல நீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் நல்ல நீர் உண்டு என்பது நீரியல் கணக்கு. அது தலைகீழாகவும் வேலை செய்யும்: மோட்டார் போட்டு மேலே 1 மீட்டர் இறக்கினால் கீழிருந்து உப்பு 40 மீட்டர் ஏறப் பார்க்கும். பக்கத்து விடுதி நான்கு ஆழ்துளைக் கிணறு போட்டால் உங்கள் கிணறு உவர்க்கும். கரைந்த உப்பை அளக்கும் பேனா வடிவக் கருவி சிறிய விலைதான். மே மாதத்தில், கோடை உச்சத்தில் அளந்து பாருங்கள். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை குடிக்க ஏற்றது, வேறு வழி இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. டிசம்பர் மழைக்குப் பிறகு எடுத்த அறிக்கையை விற்பவர் காட்டினால் அது கிணற்றின் நல்ல முகம் மட்டும்.

வெள்ளியில் எழுதிப் பார்த்தால்

2014ல் ஒரு வெள்ளிக்கு ஏறத்தாழ 48 ரூபாய். ஒரு கோடி ரூபாய் வீடு 208,000 வெள்ளி. 2024ல் வெள்ளி 62 ரூபாய் சுற்றியது. வீடு 40 விழுக்காடு ஏறி 1.4 கோடிக்கு விற்றால் 226,000 வெள்ளி வரும். பத்தாண்டில் கிடைத்தது ஏறத்தாழ 17,500 வெள்ளி. ஆனால் வரி ரூபாய் இலாபத்துக்கு: 40 லட்சத்தில் 12.5 விழுக்காடு, செஸ் என்ற துணை வரியும் சேர்த்துத் தோராயமாக 5.2 லட்சம், ஏறத்தாழ 8,400 வெள்ளி. மீதி 9,000 வெள்ளி. தமிழ்நாட்டில் இன்றைய முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு என்றால் வாங்கும்போது கட்டியதே 18,000 வெள்ளிக்கு மேல். நாணயம் இலாபத்தைத் தின்ற பிறகும் அந்தப் பழைய இலாபத்துக்கு வரி கட்ட வேண்டியிருக்கிறது, அதுதான் இந்தக் கணக்கின் கசப்பு.

ரிங்கிட்டிலும் அதே கதை. 2014ல் ஒரு வெள்ளிக்கு 2.6, 2024 தொடக்கத்தில் 3.5. விலை மாறாத 10 லட்சம் ரிங்கிட் வீடு 385,000 வெள்ளியிலிருந்து 286,000க்கு வந்தது. ரிங்கிட் பிறகு ஓரளவு மீண்டது. அது உங்களுக்குச் சாதகமாக நடக்க வேண்டிய ஆண்டில்தான் நீங்கள் விற்பீர்கள் என்று யாரும் உறுதி தர முடியாது. உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாருக்கு ஓடும் ஆர்டிஎஸ் ரயிலைக் காட்டி விற்பவர்களிடம், அந்த வீடு நிலையத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர், வேலை நாள் காலையில் எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். நீரிணையோரத் திட்டங்கள் பலவற்றுக்கு அந்த நிலையம் நடக்கும் தூரத்தில் இல்லை.

விற்பதிலும் தொலைவு குறுக்கே வரும். வெளிநாட்டில் வாழ்பவர் இந்தியாவில் வீட்டை விற்றால், வாங்குபவர் வரியைப் பிடித்துக்கொண்டுதான் பணம் தர வேண்டும். வருமான வரித் துறையிடம் முன்கூட்டியே குறைந்த விகிதச் சான்று வாங்காவிட்டால் மொத்த விலையிலும் பிடிப்பார்கள். மேலே சொன்ன 1.4 கோடியில் கூடுதல் வரி, செஸ் சேர்த்து ஏறத்தாழ 15 விழுக்காடு, அதாவது 21 லட்சம். உண்மையான வரி 5.2 லட்சம். மீதியைத் திரும்பப் பெற அடுத்த ஆண்டு கணக்குத் தாக்கல் செய்து காத்திருக்க வேண்டும். விலை பேசத் தொடங்கும் வாரத்திலேயே பட்டயக் கணக்காளரிடம் அந்தச் சான்றுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்குவதில் தவறில்லை, மூன்று நிலைமைகளில்: ஆண்டில் நான்கு மாதமாவது அங்கேயே இருப்பவர், அந்த ஊரிலேயே நம்பிக்கையான ஆளைச் சம்பளத்துக்கு வைக்கக்கூடியவர், அந்தப் பணம் பத்தாண்டு திரும்பாவிட்டாலும் இங்கே வாழ்க்கை நடக்கும் என்பவர். மற்றவர்களுக்கு என் கருத்து, கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி வாங்கலாம், அல்லது வாடகைக்கு எடுக்கலாம். கட்டட மதிப்பில் ஆண்டுக்கு 2 விழுக்காட்டைப் பராமரிப்புக்கு ஒதுக்க மனம் வராதவர் கடல் முன்னால் வாங்கவே வேண்டாம்.

வாங்கிவிட்டால், வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் 'அப்பப்போ போய்ப் பார்த்துக்கோங்க அண்ணே' என்று சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். சொந்தக்காரராகவே இருந்தாலும் மாதச் சம்பளம் பேசுங்கள், வேலைகளைத் தாளில் எழுதிக் கொடுங்கள்: வெளி யூனிட் கழுவுவது, வடிகாலில் தண்ணீர் ஊற்றுவது, மோட்டாரை ஐந்து நிமிடம் ஓட்டுவது, பால்கனி உட்கூரையையும் அதே நான்கு மூலைகளையும் ஒவ்வொரு மாதமும் ஒரே இடத்தில் நின்று படம் எடுத்து அனுப்புவது. ஆறு மாதப் படங்களை அடுத்தடுத்து வைத்தால் துருக்கோடு நீள்வது தெரியும். அலுவலக வேலைகளுக்கு அவருக்குப் பொது அதிகாரப் பத்திரம் கொடுக்காதீர்கள். சொத்து வரி, மின் கட்டணம், சங்கக் கூட்டம் என்று பெயர் குறித்த சிறப்பு அதிகாரப் பத்திரம் மட்டும், விற்கும் அதிகாரம் இல்லாமல். அதை இங்கே நோட்டரி முன் கையெழுத்திட்டு, சிங்கப்பூர்ச் சட்டக் கழகத்தில் அப்போஸ்டில் (ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்கச் செய்யும் சான்று) பெற்று அனுப்புங்கள். இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். அந்தக் கெடு தாண்டினால் அபராதம், அல்லது இங்கே மறுபடி முதலிலிருந்து.